பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு நிறுவனத்தின் இன்ஜின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1970-களின் தொடக்கத்தில் தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என்னிடம் உள்ளது. அதன் 1,798 சி.சி. இன்ஜின் இப்போது நீலப் புகை கக்குகிறது. ஆயிலும் அளவுக்கு மீறிக் குறைகிறது. முழுமையாக ஓவர்ஹால் செய்ய ஆகும் தொகையில் பாதிக்கு, வேறொரு நிறுவனத்தின் நவீன இன்ஜினைப் பழையதாக வாங்கிப் பொருத்திவிடலாம் என்றும், சக்தி கூடும், பெட்ரோல் செலவு குறையும் என்றும் பட்டறைக்காரர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அவர் சொல்லும் தொகை இன்ஜினின் விலை மட்டுமா, அல்லது அந்த இன்ஜின் உங்கள் காரில் ஏறி, சூடாகாமல், அதிராமல், சோதனையில் தேறி ஓடும் வரை ஆகும் மொத்தச் செலவா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வேலைக்கென்றே சொன்னது போலப் பொருந்தும். இன்ஜினைத் தாங்கும் மவுண்டுகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய கியர்பாக்ஸை வைத்துக்கொள்வதானால் இடையில் ஓர் இணைப்புத் தகடும், இரண்டுக்கும் ஒத்துப்போகும் ஃப்ளைவீலும் (இன்ஜினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரம்) கிளட்சும் வேண்டும். கியர்பாக்ஸையும் மாற்றுவதானால், கியர்பாக்ஸிலிருந்து பின்புற ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்றி, அதைச் சமநிலைப்படுத்த வேண்டும். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் முன்புறக் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டீயரிங் தண்டை உரசும், ரேடியேட்டர் போதாது. இவற்றில் எதுவும் தீர்க்க முடியாததல்ல. ஆனால் ஒவ்வொன்றும் கூலிக் கணக்கில் தனித்தனி வரியாக வரும்.

எரிபொருள் விஷயத்தைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் உங்கள் காரின் கார்புரேட்டர்களுக்கு ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் போதும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் முறையில் இயங்கும் நவீன இன்ஜின்களில் பெரும்பாலானவை 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை கேட்கும். ஆகவே பம்ப் மாறும், ஃபில்டர் மாறும், ஐம்பது ஆண்டுப் பழைய ரப்பர் குழாய்கள் அத்தனையும் மாறும். வளைவுகளில் டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்காமல் இருக்கவும் ஓர் ஏற்பாடு தேவைப்படும். மின்னணுப் பகுதியும் இப்படித்தான். திருட்டுத் தடுப்புப் பூட்டு உள்ள இன்ஜினை, அதை இயக்கும் கணினியான கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதன் சாவியும் இல்லாமல் வாங்கினால் அது கிளப்ப முடியாத இரும்பாகவே கிடக்கும். ஆக்ஸிலரேட்டர் மின்னணு முறையில் இயங்குவதானால் அதற்குரிய பெடலும் கூடவே வர வேண்டும். இன்ஜினை மட்டும் தனியாக வாங்குவதைவிட, விபத்தில் சிக்கி உடல் சிதைந்த, ஆனால் இன்ஜின் ஓடும் நிலையில் உள்ள முழுக் காரையே வாங்குவது பெரும்பாலும் மலிவாக முடிவதற்குக் காரணம் இதுதான். வயரிங், சென்சார்கள், பெட்டி, சாவி, பெடல் ஆகிய எல்லாமே ஒரே குடும்பமாகக் கிடைத்துவிடும். வாங்குவதற்கு முன் இன்ஜின் ஓடும் ஒலியையும் உங்கள் காதாலேயே கேட்டுவிடலாம்.

சக்தி கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சக்தி பின்புற ஆக்ஸில் வழியாகத்தான் சாலையைத் தொட வேண்டும். உங்கள் காரின் மூல இன்ஜின் தரும் முறுக்குவிசை (தண்டைச் சுழற்றும் பலம்) ஏறத்தாழ 150 நியூட்டன் மீட்டர். இவ்வகை மாற்றங்களில் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வரிசையில் முதலாவதாக, 1997 மாடல் கார்வெட்டில் வந்த 5.7 லிட்டர் இன்ஜின், ஏறத்தாழ 475 நியூட்டன் மீட்டர் தருவது. மூன்று மடங்குக்கும் மேலான சுமையை அன்றைய கிளட்சும், சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும், பிரேக்கும் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. உங்கள் பட்டறைக்காரர் சொல்வது அவ்வளவு பெரிய இன்ஜினாக இருக்காது. இருந்தாலும், வேகம் கூடும் எந்த மாற்றத்திலும் பிரேக்குக்கான செலவு அதே மதிப்பீட்டுத் தாளில் இருக்க வேண்டும். இல்லையெனில் அந்த மதிப்பீடு முழுமையானதல்ல.

இன்ஜின் எந்த நிறுவனத்துடையது என்பதைப் பற்றி அதிகம் மனம் வருந்த வேண்டியதில்லை. அதன் நிறையைப் பற்றிக் கவலைப்படுங்கள். உங்கள் காரின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1967-இல் அதே உடலமைப்பில் 2,912 சி.சி. ஆறு சிலிண்டர் இரும்பு இன்ஜினைப் பொருத்தி எம்.ஜி.சி. என்ற பெயரில் வெளியிட்டார்கள். முன்பக்கம் கனத்துப்போய், வளைவுகளில் கார் திரும்ப மறுக்கிறது என்ற குறைக்கு ஆளாகி, 1969-இல் அது நின்றுபோனது. 1973-இல் ரோவர் நிறுவனத்தின் 3,528 சி.சி. அலுமினிய வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்கள் கொண்ட) இன்ஜினைப் பொருத்தினார்கள். அதன் மூல வடிவமைப்போ அமெரிக்காவின் ப்யூக் நிறுவனத்துடையது. எட்டு சிலிண்டர்கள் இருந்தும் நான்கு சிலிண்டர் இரும்பு இன்ஜினைவிட அது கனமாக இல்லை என்பதால், காரின் நடத்தை கெடவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு என் கருத்து: சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கில் விரிசல் இல்லையென்றால் இருக்கும் இன்ஜினையே ஓவர்ஹால் செய்யுங்கள். எளிமையான இன்ஜின் அது. உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகத் தயாராகின்றன. நெடுஞ்சாலையில் இன்ஜின் ஓயாமல் இரைகிறது என்பதுதான் உங்கள் மனக்குறை என்றால், அதற்கு மருந்து வேறு இன்ஜின் அல்ல. ஐந்து கியர் கொண்ட கியர்பாக்ஸ். இந்தக் காருக்கென அளவெடுத்துச் செய்த மாற்றுத் தொகுப்புகள் கிடைக்கின்றன. பிளாக்கே போய்விட்ட நிலையில் மட்டும், பலர் ஏற்கெனவே செய்து முடித்த, மவுண்டுகளும் குழாய்களும் ஆயத்தமாகக் கிடைக்கிற ஓர் இன்ஜினைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பட்டறைக்காரர் முதன்முறையாகச் செய்து பார்க்க விரும்பும் புதுமைக்கு உங்கள் காரைத் தர வேண்டாம்.

கேள்வி: இன்ஜினை மாற்றினால் பிற்காலத்தில் விற்கும்போது மதிப்பு குறையுமா?

பதில்: பொதுவாகக் குறையும். காரும் இன்ஜினும் தொழிற்சாலையில் ஒன்றாகப் பிறந்தவை என்பதை எண்களைக் கொண்டு காட்ட முடிந்தால்தான், பழைய கார்களைச் சேகரிப்பவர்கள் உயர்ந்த விலை தருகிறார்கள். டிரையம்ப் ஸ்டேக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1970-இல் வந்த அந்தக் காரின் சொந்த 2,997 சி.சி. வி8 இன்ஜின் அடிக்கடி சூடாகிக் கெட்டதால், பல உரிமையாளர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ரோவர் வி8 இன்ஜினை வைத்தார்கள். சூடாவதன் காரணங்கள் தெளிவாகிச் சரிசெய்யும் வழிகளும் வந்துவிட்ட இந்நாளில், மூல இன்ஜினோடு இருக்கும் கார்களையே வாங்குவோர் தேடுகிறார்கள்.

தொழிற்சாலையே செய்த மாற்றம் இதில் சேராது. சன்பீம் ஆல்பைன் காரில் ஃபோர்டு நிறுவனத்தின் 4.2 லிட்டர் வி8 இன்ஜினைப் பொருத்தி 1964-இல் வெளிவந்த சன்பீம் டைகர் இன்று ஆல்பைனைவிடப் பன்மடங்கு விலை பெறுகிறது. ஆனால் நீங்களோ நானோ பட்டறையில் செய்வது டைகர் ஆகிவிடாது. ஆகவே, மாற்றுவதானால் சேஸிஸையும் உடலையும் வெட்டாமல், போல்ட்டுகளைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும்படி மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய இன்ஜினை விற்றுவிடாதீர்கள். சிலிண்டர்களுக்குள் ஆயில் விட்டு, துவாரங்களை அடைத்து, உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வருங்காலத்தில் காரை வாங்குபவருக்கு அந்த இன்ஜினையும் சேர்த்துத் தர முடிந்தால் இழப்பு பெருமளவு குறையும்.

கேள்வி: டாட்சன் 240இசட் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அதன் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்குப் பதிலாக ஓர் அமெரிக்க வி8 இருக்கிறது. வேலை 90 விழுக்காடு முடிந்துவிட்டது, வயரிங்கில் சில்லறை வேலைதான் மீதி என்கிறார் விற்பவர். மாற்றிய இன்ஜினோடு வரும் காரில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதில்: 90 விழுக்காடு முடிந்தது என்ற சொல்லைக் கேட்டால் பாதி முடிந்த கார் என்றே கணக்கிட்டு விலை பேசுங்கள். இன்ஜினை உள்ளே இறக்கி வைப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. ஆர்வத்தோடு செய்து முடித்துவிடுவார்கள். வெயிலில் நெரிசலில் நிற்கும்போது சூடேறாமல் இருக்கச் செய்வதும், வேகமானியும் வெப்பமானியும் உண்மையைக் காட்டும்படி செய்வதும், குளிர்ந்த இன்ஜின் முதல் முயற்சியிலேயே கிளம்பும்படி செய்வதும் யார் கண்ணிலும் படாதவை. மிச்சமிருக்கும் வயரிங் சில்லறை வேலை என்றால், அவரே அதை முடித்துவிட்டு இன்னும் நல்ல விலைக்கு விற்கலாமே.

ஓடும் நிலையில் இருந்தால், நீண்ட தூரம் ஓட்டிப் பாருங்கள். முடித்ததும் அணைக்காமல் அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓட விட்டு, வெப்பமானி எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பிறகு அணைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் கிளப்புங்கள். சூடான ஸ்டார்ட்டரும் பெட்ரோல் குழாயும் எக்ஸாஸ்டுக்கு மிக நெருக்கமாக இருந்தால், இந்தச் சோதனையில் அது வெளிப்பட்டுவிடும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும், எந்த கியரில் ஓட்டினாலும் அதிர்வு வருமானால், குறை இன்ஜினில் இருக்க வாய்ப்பு குறைவு. புரொப்பல்லர் ஷாஃப்டிலும் அதன் கோணங்களிலும்தான் தேட வேண்டும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகள் ஏறத்தாழ ஒரே கோணத்தில், 3 பாகைக்குள் இயங்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இன்ஜினை இடத்துக்கு ஏற்பச் சாய்த்து வைத்துவிட்டவர்கள் பெரும்பாலும் தவறுவது இதில்தான்.

காரை லிஃப்டில் ஏற்றி அடியிலிருந்து பார்க்காமல் முன்பணம் தர வேண்டாம். சட்டங்களை வெட்டியிருக்கிறார்களா, வெல்டிங் ஒழுங்காக ஓடியிருக்கிறதா, ஸ்டீயரிங்கை இரு கோடிகளுக்கும் திருப்பும்போது எங்காவது உரசுகிறதா, தரைக்கு மிக அருகில் தொங்குவது எது என்று பாருங்கள். சாதாரணப் பராமரிப்புக்குக் கை நுழைய இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். தொழிற்சாலையிலிருந்து வந்த சன்பீம் டைகரிலேயே பின்கோடி ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, பயணிகள் அறைச் சுவரில் துளையிட்டு ரப்பர் மூடி போட்டிருந்தார்கள். தனியாள் செய்த காரில் அந்தத் துளைகூட இருக்காது. பிளக் மாற்ற இன்ஜினைத் தூக்க வேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது ஒரு தாள்: கிளட்ச் எந்த காருடையது, ஸ்டார்ட்டர் எந்த காருடையது, தண்ணீர் ஹோஸ், பெல்ட், சென்சார், பெட்ரோல் பம்ப் ஆகியவை எந்த மாடலுக்கு உரியவை என்று எழுதிய பட்டியல், வயரிங் வரைபடத்தோடு. அது இல்லாத காரில் ஒரு ஹோஸ் வெடித்தால், கடைக்காரரிடம் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்றே தெரியாமல் நிற்க நேரும். இன்ஜின் வாங்கிய ரசீதையும் கேளுங்கள். இன்ஜினில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், விற்பவரே அதைச் சரிசெய்து தந்த பிறகு பணம் கொடுங்கள். இன்ஜின் மாற்றம் குறித்த விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. எடுத்துக்காட்டாக, கலிஃபோர்னியாவில் காருக்குப் பொருத்தும் இன்ஜின் அந்தக் காரின் ஆண்டுக்கோ அதற்குப் பிந்தைய ஆண்டுக்கோ உரியதாக, தன் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் முழுவதையும் கொண்டதாக இருக்க வேண்டும் என்பது விதி. வேறு சில இடங்களில் முன் அனுமதி இல்லாமல் மாற்றவே முடியாது. பதிவு அலுவலகத்தின் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லியே ஆக வேண்டுமா?

பதில்: ஆம். இன்ஜின் மாற்றம் காப்பீட்டின் அடிப்படையையே மாற்றும் தகவல். மறைத்தால் விபத்தின்போது இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு அதுவே காரணமாகும். மாற்றத்தைத் தெரிவித்து, காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசியாகக் கேளுங்கள்.

கேள்வி: இன்ஜின் மாற்றத்துக்கு ஒரு பட்டறையில் முக்கால் பங்கு பணம் கொடுத்துவிட்டேன். இன்ஜின் உள்ளே இருக்கிறது, கார் ஓடவில்லை. மாதங்கள் கழிந்தும், இன்னும் ஒரு பாகம் வர வேண்டும் என்பதே பதில். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நேரில் சென்று, காரையும், உங்கள் பணத்தில் வாங்கிய ஒவ்வொரு பாகத்தையும், கழற்றி வைத்த பழைய இன்ஜினையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பட்டறை மூடிவிட்டால் எது யாருடையது என்று நிறுவ உங்களிடம் வேறு ஆதாரம் இருக்காது. அடுத்து, மீதமுள்ள வேலைகளின் பட்டியலையும், வர வேண்டிய பாகத்தின் பெயரையும், அதற்கு ஆர்டர் கொடுத்த சான்றையும், முடிக்கும் தேதியையும் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான பட்டறைகள் ஏமாற்றுவதற்காகத் தாமதிப்பதில்லை. எதிர்பாராத சிக்கலில் மாட்டிக்கொண்டு, அதைச் சொல்லக் கூச்சப்படுகின்றன. வயரிங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் டியூனிங்கும் தங்களால் ஆகாது என்று அவர்கள் ஒப்புக்கொண்டால், அந்தப் பகுதியை மட்டும் அதில் தேர்ந்த ஒருவரிடம் கொடுத்து, அந்தத் தொகையை மீதிப் பணத்திலிருந்து கழித்துக்கொள்ளப் பேசிப் பாருங்கள். வழக்கைவிட இது விரைவாக முடியும்.

எழுத்தில் பதில் தர மறுத்தால், தனிப்பட்ட பொறியாளர் ஒருவரைக் கொண்டு காரின் தற்போதைய நிலையை அறிக்கையாக வாங்கி, அதன் பிறகு காரை அங்கிருந்து எடுங்கள். அறிக்கை இல்லாமல் எடுத்துவிட்டால், குறைகள் வேறு இடத்தில் நேர்ந்தவை என்று அவர்கள் சொல்ல வழி ஏற்படும். நுகர்வோர் அமைப்பிடமோ நீதிமன்றத்திடமோ போக நேர்ந்தால் அந்த அறிக்கையும், படங்களும், பணம் கொடுத்த ரசீதுகளும்தான் உங்கள் வழக்கு. மீதமுள்ள கால் பங்குப் பணத்தை, கார் சூடான நிலையில் சீராக ஓடி, மாசுச் சோதனையில் தேறி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபரிசோதனையும் முடிந்த பிறகே கொடுங்கள். அதற்கு முன், எந்தப் பாகம் வர வேண்டியிருந்தாலும், கொடுக்க வேண்டாம்.