ஐஸ்லாந்து மொட்டையானது யாரால்?

ஐஸ்லாந்தின் காடு அழிந்ததற்கு மனிதர் காரணமா, எரிமலையா, கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒன்றை மட்டும் எழுதிவிடாதீர்கள். 874 வாக்கில் நார்வேக்காரர்கள் குடியேறியபோது நாட்டில் கால்பங்காவது பிர்ச் மரக்காடு இருந்தது. மேய்ச்சல் நிலத்துக்காக அதை எரித்தார்கள், வெட்டினார்கள். புல்லறுக்கும் அரிவாளைக் காய்ச்சித் தட்டக்கூடக் கரி தேவைப்பட்டது. மறுபடி துளிர்த்த கன்றுகளைச் செம்மறிகள் தின்றன. எரிமலையின் பங்கு இங்கேதான் சேருகிறது: சாம்பல் மண் லேசானது, பிடித்துவைக்க வேர் இல்லையென்றால் காற்றே அள்ளிக்கொண்டு போய்விடும். 1783-ல் லாக்கி என்ற எரிமலை வெடித்தபோது ஃப்ளோரின் என்ற நச்சு படிந்த புல்லைத் தின்று ஆடுமாடுகள் செத்தன. தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்டார்கள். அப்புறம், 1907-ல் காடு வளர்க்கவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் சட்டம் வந்ததையும் சேருங்கள்.