புதிதாகப் பேடல் ஆடுபவருக்கு வட்ட மட்டை போதுமா? போதும், அதுவே நல்லது

கேள்வி: நண்பர்கள் அழைத்ததால் பேடல் ஆடத் தொடங்கியிருக்கிறேன். கைக்கு இதமாக, அடி கொஞ்சம் தப்பினாலும் பந்தை வலைக்கு அந்தப் பக்கம் சேர்க்கிற மட்டை எது? வட்ட வடிவம் வாங்கினால் சீக்கிரமே போதாமல் போய்விடும் என்கிறார்கள், உண்மையா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்மை இல்லை. வட்ட மட்டை என்றாலே 'கற்றுக்குட்டி மட்டை' என்று ஒதுக்குகிற பேச்சைக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அந்தப் பேச்சை நம்பிக் கைவலியை வரவழைத்துக்கொண்டவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் முழங்கையும் தப்பவில்லை. அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேடலை அறியாமல் படிப்பவர்களுக்கு ஒரு வரி: கண்ணாடிச் சுவர்கள் சூழ்ந்த சிறிய களத்தில், நடுவே வலை கட்டி, இருவர் இருவராக மட்டையால் பந்தடித்து ஆடுகிற விளையாட்டு அது.

உங்கள் நிலைமை ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று எண்ணுகிறேன். வாரத்தில் ஓரிரு மாலை ஆடுவீர்கள். பகலெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். அழைத்துப்போன நண்பர் உங்களுக்கு முன்பே ஆடத் தொடங்கியவர். அவர் கையில் பளபளக்கிற கார்பன் மட்டை இருக்கும். "வாங்குவதே வாங்குகிறாய், இதையே வாங்கிவிடு" என்று சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் அந்த நண்பரின் இடத்தில் இருந்தவர் என் கொழுந்தனார்.

அவர் நன்றாகவே ஆடுவார். தலைக்கு மேலே வரும் பந்தை எட்டி அடித்தால், அது எதிர்ப்பக்கத் தரையில் பட்டு, கண்ணாடியில் மோதி வலையைத் தாண்டி அவரிடமே திரும்பி வந்துவிடும். தன் பழைய மட்டையை அன்போடுதான் எனக்குக் கொடுத்தார். "நல்ல மட்டை அண்ணி, நீங்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்" என்றார். நல்ல மட்டைதான், அவருக்கு. வைர வடிவம், முகம் முழுக்கக் கார்பன், உள்ளே ஈவா எனப்படும் ரப்பர் போன்ற கெட்டியான நுரை, எடையெல்லாம் தலைப்பக்கம். அந்த வடிவத்தில் ஸ்வீட் ஸ்பாட் எனப்படும் இடம், அதாவது பந்து பட்டால் கைக்கு உறுத்தாமல் சீராகக் கிளம்புகிற இடம், உச்சிக்கு அருகில் சிறியதாக இருக்கும். அங்கே படாமல் விளிம்பிலோ, கைப்பிடி தொடங்குகிற கழுத்தோரத்திலோ பட்டால் 'டக்' என்று வறட்சியாக ஒரு சத்தம் கேட்கும். கூடவே ஓர் அதிர்வு கைப்பிடியில் இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வந்து நிற்கும். என் அடிகளில் பெரும்பாலானவை அப்படித்தான் விழுந்தன.

கொஞ்ச நாளில் ஈரத்துணியை முறுக்கிப் பிழிய முடியவில்லை. கதவுக் குமிழைத் திருகினால்கூடச் சுரீர் என்றது. பிசியோதெரபிஸ்ட் விரலால் அந்த எலும்பு முனையை மெல்ல அழுத்தியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். டென்னிஸ் எல்போ என்றார். மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்துகிற தசைகள் முழங்கை எலும்பில் வந்து சேரும் இடத்தில், தசைநாண் தாங்க முடியாத சுமையால் வருகிற வலி அது. மட்டை ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அடிக்கும் முறை, பிடியின் இறுக்கம், ஓய்வில்லாமை என்று எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. மருத்துவம் படித்தவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் மட்டையைப் பற்றி அந்தப் பிசியோதெரபிஸ்டே விசாரித்தார் என்பதையும், மட்டையை மாற்றிய பிறகு எனக்கு அந்த வலி திரும்பவில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

வலி தணிந்து மறுபடி ஆட வந்தபோது எங்கள் பயிற்சியாளர் ஒரு காரியம் செய்தார். நீங்களும் செய்து பாருங்கள், செலவில்லாதது. பந்துகளின் மேல் சாக்பீஸ் தூளைத் தடவிக் கொஞ்ச நேரம் ஆடச் சொன்னார். பிறகு மட்டையை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கறுப்பு முகத்தில் வெள்ளைத் தடங்கள். பெரும்பாலானவை நடுவுக்குக் கீழே, கழுத்தை ஒட்டி. சில, துளைகளின் வரிசை முடிகிற ஓரத்தில். அந்த மட்டை எதிர்பார்க்கிற உச்சிப் பகுதி ஏறக்குறையச் சுத்தமாக இருந்தது. "உங்கள் அடி இங்கேதான் விழுகிறது. இங்கே விழுகிற அடியை ஏற்றுக்கொள்ளும் மட்டையாகப் பார்த்து எடுங்கள்" என்றார்.

ஏன் அங்கே விழுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பேடலில் பந்து பின்கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். புதியவர்கள் கண்ணாடிக்கு மிக நெருக்கமாகப் போய் நின்றுவிடுகிறோம். பந்து உடம்போடு ஒட்டி வருகிறது, கையை நீட்ட இடமில்லை, முழங்கையை மடக்கிக்கொண்டே அடிக்கிறோம். கழுத்தருகில் படாமல் வேறெங்கே படும்? வட்ட மட்டையில் ஸ்வீட் ஸ்பாட் நடுவில் இருக்கிறது, அகலமாகவும் இருக்கிறது. கொஞ்சம் கீழே பட்டாலும் ஓரமாகப் பட்டாலும் பந்து வலையைத் தாண்டிவிடும். எடை கைப்பக்கம் தங்குவதால் மணிக்கட்டுக்கும் சுமை குறைவு. கண்ணீர்த்துளி வடிவம் என்று ஒன்று உண்டு, வட்டத்துக்கும் வைரத்துக்கும் இடைப்பட்டது. டென்னிஸோ ஸ்குவாஷோ ஆடி வந்தவர் அதிலேயே தொடங்கலாம், தவறில்லை. நீங்கள் கேள்வியில் அப்படி எதுவும் குறிப்பிடவில்லை என்பதால் வட்டம் என்கிறேன்.

வடிவத்தைவிடக் கைக்கு முக்கியம் மட்டையின் உள்ளே இருப்பது. இங்கேதான் பலருக்கும் தலைகீழான எண்ணம். கெட்டியான மட்டைதான் பந்தை வேகமாக அனுப்பும் என்று நினைக்கிறார்கள். கையை வேகமாக வீசத் தெரிந்தவருக்கு அது சரி. நாம் வீசுகிற வேகத்துக்குக் கெட்டி நுரை அசைந்தே கொடுக்காது. மென்மையான நுரை, பந்து பட்டதும் கொஞ்சம் அமுங்கி, அதைத் தானே உந்தி அனுப்புகிறது. தாமதமாகத் தொட்ட பந்து, எட்டாமல் எட்டித் தொட்ட பந்து எல்லாம் அந்த உந்துதலில்தான் அடுத்த பக்கம் போய்ச் சேரும். முகத்துக்கும் இதே கணக்கு. ஃபைபர்கிளாஸ் வளைந்து கொடுக்கும், கார்பன் விறைப்பு. 3கே, 12கே, 18கே என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓர் இழைக்கட்டில் எத்தனை ஆயிரம் கார்பன் இழைகள் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எண் பெரிதானால் மட்டை உயர்ந்தது என்று பொருளில்லை.

எடை விஷயத்தில் எனக்கு ஒரு கோபமே உண்டு. பெண் என்றால் உடனே இருப்பதிலேயே இலேசான மட்டையை, அதுவும் இளஞ்சிவப்பு நிறத்தில், கையில் திணிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் கேட்டது வலி தராத மட்டை. காட்டியது 'லேடீஸ்' மட்டை. மிக இலேசான மட்டை பந்தின் மோதலைத் தான் வாங்கிக்கொள்ளாது, கைக்கு அனுப்பிவிடும். மெலிந்த கை, பழைய தோள் வலி என்று தக்க காரணம் இருப்பவர்கள் இலேசானதை எடுக்கட்டும், அதை நான் தடுக்கவில்லை. மற்றபடி 350 முதல் 365 கிராம் வரை பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும். அந்த எண்ணைவிட எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். மட்டையை ஒரு விரலின் மேல் கிடத்தி, சாயாமல் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அது 26 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. உச்சியில் கீறல் விழாமலிருக்கப் பாதுகாப்புப் பட்டை ஒட்டினால் தலைப்பக்கம் சில கிராம் கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியை யாருமே பொருட்படுத்துவதில்லை. பேடல் மட்டைகளின் பிடி பெரும்பாலும் மெல்லியதாகவே வரும். பிடி மெலிந்தால் மட்டை கையில் சுழலாமலிருக்க நாம் இறுக்கிப் பிடிக்கிறோம், முன்கை எந்நேரமும் முறுக்கேறியே இருக்கிறது. பிடியின் மேல் சுற்றுகிற மெல்லிய பட்டையான ஓவர்கிரிப் ஒன்றைச் சுற்றிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொன்று. பிடித்தபின் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மற்றக் கையின் ஒரு விரல் நுழைய வேண்டும். மணிக்கட்டு வாரை மாட்டிக்கொள்ளுங்கள். அது விதியிலேயே இருக்கிறது, கண்ணாடி அறைக்குள் மட்டை கைநழுவிப் பறந்தால் ஆபத்து.

வட்ட மட்டையோடு நான் போய் நின்ற அன்று கொழுந்தனார் முகம் வாடிவிட்டது. "அண்ணி, இது குழந்தைகள் ஆடுகிற மட்டை. கொஞ்ச நாளில் போதாது என்பீர்கள், பாருங்கள்" என்றார். "எனக்குப் பந்து அந்தப் பக்கம் போனால் போதும் தம்பி" என்றேன். அன்றே பந்து போயிற்று. 'டக்' இல்லை, 'டொப்' என்று தணிந்த சத்தம். கண்ணாடியிலிருந்து வரும் பந்தை வானத்தில் உயர்த்தி எதிராளியின் தலைக்கு மேல் அனுப்ப முடிந்தது. வலையருகில் நின்று ஸ்மாஷுக்குக் காத்திருந்த அவரே பின்னால் ஓடினார். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பேடல் தொடக்கத்திலிருந்தே பலத்தை நம்பிய விளையாட்டு அல்ல. 1969இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிகே கோர்க்குவேரா என்பவர் தன் வீட்டில், சுவர்கள் சூழ்ந்த சிறிய இடத்தில் உருவாக்கியது. இன்றும் களம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்தான். சர்வைக்கூடப் பந்தைத் தரையில் தட்டி இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல்தான் அடிக்க வேண்டும். புதியவர் பலமாக அடித்த பந்து பின்கண்ணாடியில் மோதி, எதிராளி வசதியாக அடிக்கும் உயரத்தில் களத்தின் நடுவே வந்து விழும். மெதுவாக மூலைக்கு அனுப்பிய பந்துதான் அவரைத் திணறடிக்கும். அந்த வேலைக்கு வைர வடிவம் எதற்கு?

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. உங்களுக்கு வருகிற பந்தையெல்லாம் குறுக்கே ஓடி வந்து எடுக்கிற கூட்டாளிகள் உண்டு. இது இருவர் இருவராக ஆடுகிற விளையாட்டு. என் பக்கம் வந்த பந்தை நான் தவறவிட்டால் புள்ளி போகும், போகட்டும். தொடவே விடாமல் என்னை ஓரத்தில் நிறுத்திவிட்டு, "எப்போதுதான் கற்றுக்கொள்வீர்களோ" என்று கேட்பது என்ன நியாயம்? நான்கு பேரும் சமமாகத்தானே களத்துக்குக் காசு கொடுக்கிறோம்! எந்த மட்டையாலும் இதைச் சரிசெய்ய முடியாது. "விடுங்கள், என்னுடையது" என்று உரக்கச் சொல்லிப் பழகுங்கள். நான் சொல்லத் தொடங்கிய பிறகுதான் என் பக்கத்துப் பந்து எனக்குக் கிடைத்தது.

'போதாமல் போகும்' என்கிற பயத்துக்கு வருகிறேன். நிதானமாக ஆட்டத்தை நடத்துகிறவர்களில் தேர்ந்த ஆட்டக்காரர்கள்கூட வட்ட மட்டையை விரும்பி எடுப்பது உண்டு. என் கையில் இன்றும் வட்டம்தான். தலைக்கு மேல் வரும் பந்தைத் தொடர்ந்து உச்சியில் வாங்கி அடிக்க உங்களால் முடிகிறது, பந்து போதிய வேகத்தில் போகவில்லை என்ற குறை மட்டும் மிஞ்சுகிறது என்றால், அப்போது கண்ணீர்த்துளி வடிவத்தை இரவல் வாங்கி ஒரு முழு மாலை ஆடிப் பாருங்கள். சாக்பீஸ் தூளையும் மறுபடி தடவிப் பாருங்கள். தடம் மேலே ஏறியிருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் காசை வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை இருக்கிற மட்டையை வெயிலில் நிற்கிற காரில் விட்டுவிடாதீர்கள், சூட்டில் நுரை தளர்ந்துபோகும். முகத்தில் விரிசல் கண்டாலோ, அடிக்கும் சத்தம் திடீரென்று மாறினாலோ அதே வடிவத்தில் புதியது வாங்கிக்கொள்ளுங்கள்.