டீச்சரிடம் கேளுங்கள்: மழை நோட்டு என்ன சொல்கிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: பூமி சூடாகிறது என்கிறார்களே, அதை எவ்வளவு தூரம் நம்புவது? அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

டீச்சர், எனக்கு எழுபது வயதாகப் போகிறது. நாற்பது வருடமாக ரப்பர் வைத்திருக்கிறேன். மழை கூடுவதும் குறைவதும் என் அப்பா காலத்திலும் இருந்தது. யாரோ கம்ப்யூட்டரில் போட்ட கணக்கைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். நீங்கள் வீட்டில் மழை அளந்து எழுதுகிறவர். உங்கள் நோட்டு என்ன சொல்கிறது?
*ரப்பர் விவசாயி, குலசேகரம்*

உள்ளதைச் சொல்கிறேன் அண்ணாச்சி. என் நோட்டை வைத்துப் பருவநிலை மாற்றத்தை நிரூபிக்க முடியாது. 1987 ஜூனில் தொடங்கியது. திருவட்டாற்றில் எங்கள் வீட்டு முற்றத்தில், தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதுகிறேன். வானிலைத் துறை முந்தின நாள் மழையைக் கணக்கெடுக்கும் நேரமும் அதுதான். இத்தனை வருட நோட்டுகளையும் தரையில் விரித்து வைத்துப் பார்த்தால் ஏற்றமும் இறக்கமும்தான் தெரிகிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று கொட்டிவிடும். ஒரு வீட்டு முற்றத்து மழையை வைத்து உலகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் நான் பாடம் நடத்திய பிள்ளைகளே என்னைக் கேள்வி கேட்பார்கள்.

ஆனால் அந்த நோட்டு எனக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. மழைமானிக்குப் பக்கத்தில் ஓர் அயனி மரம் நின்றது. முதலில் சின்னக் கன்று. வருடங்கள் போகப் போகக் கிளை பரப்பி, காற்றோடு சாய்ந்து வரும் மழையைத் தடுத்திருக்கிறது. அதை நான் கவனிக்கவே இல்லை. 2003-இல் மானியைக் கிணற்றுப் பக்கம் வெட்டவெளிக்கு மாற்றினேன். உடனே என் நோட்டில் மழை கூடிவிட்டது! வானம் அப்படியேதான் இருந்தது, மாறியது என் மானியின் இடம். அப்புறம் பழைய இடத்தில் இன்னொரு மானியை வைத்து, இரண்டு மழைக்காலம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பழைய அளவுகளைத் திருத்தினேன். முதலில் எழுதியது நீல மையில் அப்படியே இருக்கிறது. திருத்தியது பக்கத்தில் சிவப்பு மையில்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "விஞ்ஞானிகள் வெப்பநிலைக் கணக்கைத் திருத்துகிறார்கள், அது மோசடி" என்ற பேச்சு உங்கள் கடிதத்தின் பின்பக்கத்திலும் இருக்கிறது. வெப்பமானி இடம் மாறும், கருவி மாறும், சுற்றிலும் கட்டடம் எழும்பும். திருத்தாமல் விட்டால்தான் கணக்குப் பிழை. எப்படித் திருத்தினார்கள், மூல அளவு எங்கே என்று கேட்பது சரியான கேள்வி. அமெரிக்காவில் ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியல் பேராசிரியர் அப்படித்தான் கேட்டார். அவருக்கும் இந்தக் கணக்குகள் மேல் நம்பிக்கை இல்லை. கேட்டதோடு நிற்காமல் ஒரு குழுவைக் கூட்டி, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் அளவுகளை முதலிலிருந்து தானே கணக்குப் போட்டார். எண்ணெய்த் தொழிலில் பெரும்பணம் ஈட்டிய கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் அதற்குப் பணம் தந்தது. கடைசியில், பழைய கணக்கு சரிதான், பூமி சூடாகிறது, ஏறக்குறைய முழுக்க மனிதர்கள்தான் காரணம் என்று 2012-இல் அவரே வெளிப்படையாக எழுதினார். அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

கம்ப்யூட்டர் பற்றியும் கேட்டீர்கள். கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று ஜான் டிண்டால் ஆய்வகத்தில் அளந்து காட்டியது 1859-இல். அந்த வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வீடனில் ஸ்வாந்தே அர்ரேனியஸ் கணக்கிட்டு வெளியிட்டது 1896-இல். நம் பேச்சிப்பாறை அணை வேலை தொடங்குவதற்கு முந்தின வருடம். பென்சிலும் தாளும் வைத்துப் பல மாதம் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அந்த வாயுவை அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. என் மழை நோட்டு மாதிரி ஏறி இறங்கும் கோடு இல்லை. வருடத்துக்குள் சின்ன அலை இருக்கும், ஆனால் ஒவ்வொரு வருடமும் முந்தின வருடத்துக்கு மேலேதான். சாட்சி கேட்பதென்றால் அந்தக் கோட்டைக் கேளுங்கள் அண்ணாச்சி, என் முற்றத்தை விட்டுவிடுங்கள்.

சூரியனின் சூடு கூடியிருக்கலாம் அல்லவா?
*வாசகர், தக்கலை*

1970-களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனை நேராக அளக்கின்றன. அது கூடவில்லை. இன்னொன்று: சூரியன் காரணமென்றால் காற்று மண்டலம் மேலும் கீழும் சேர்ந்து சூடாக வேண்டும். கீழ்ப்பகுதி சூடாகிறது, மேலே உள்ள அடுக்கு குளிர்கிறது. கீழே போர்வை கனத்துவிட்டதால் வரும் அடையாளம் அது.

2035-க்குள் இமயமலைப் பனியாறுகள் காணாமல் போய்விடும் என்று ஐ.நா. குழு சொல்லி, பிறகு அது தவறு என்று ஒப்புக்கொண்டதாகப் படித்தேன். ஒன்றில் தவறியவர்களை மற்றதில் எப்படி நம்புவது?
*கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்*

நடந்தது உண்மை தம்பி. 2007-இல் ஐ.பி.சி.சி. என்ற அந்த ஐ.நா. குழுவின் அறிக்கையில், இரண்டாம் தொகுதியில் அந்த வரி வந்தது. முறையாகச் சரிபார்க்கப்பட்ட ஆய்விலிருந்து எடுத்ததல்ல, ஓர் அமைப்பின் வெளியீட்டிலிருந்து எடுத்தது. 2009-இல் நம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், புவியியலாளர் வி. கே. ரெய்னா எழுதிய ஒரு கட்டுரையை வெளியிட்டது. பனியாறுகள் அவ்வளவு வேகமாக அழியவில்லை என்றது அது. குழுவின் தலைவராக இருந்த ஆர். கே. பச்சௌரி அதை அறிவியலே இல்லை என்ற தொனியில் ஒதுக்கித் தள்ளினார். ஆனால் சில வாரங்களிலேயே, 2010 ஜனவரியில், அந்த வரி தவறு என்று குழு வருத்தம் தெரிவித்தது.

எனக்கு அந்தத் தவறைவிட அந்த ஒதுக்கித் தள்ளல்தான் வருத்தம். கேள்வி கேட்டவர் மலையேறிப் பனியாறுகளைப் பார்த்து வந்த முதியவர். அவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு அலட்சியம், "இவர்கள் யாரையும் பேச விடமாட்டார்கள்" என்று சொல்பவர்களுக்கு இன்றைக்கும் உதவுகிறது.

சரி, நம்பலாமா? தவறு எங்கே இருந்தது என்று பார். தேதியில். பனியாறுகள் உருகுகின்றன என்பதில் இல்லை. வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும் இந்து குஷ் இமயமலையில் மூன்றில் ஒரு பங்குப் பனி இந்த நூற்றாண்டுக்குள் போய்விடும் என்று 2019-இல் வந்த பெரிய மதிப்பீடு சொல்கிறது. ஆயிரம் பக்கம் போன்ற ஓர் அறிக்கையில் ஒரு வரியை எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்து அடித்துத் திருத்த முடிகிறது என்றால், மீதி வரிகளும் அதே கண்களுக்கு முன்னால்தான் கிடக்கின்றன.

எங்கள் ஊரில் ஒவ்வொரு ஆடியிலும் கடல் வீட்டு வாசலுக்கு வருகிறது. கேட்டால் "பருவநிலை மாற்றம் அம்மா, என்ன செய்ய" என்கிறார்கள். இதைச் சொல்லியே எல்லாரும் கை கழுவுகிறார்கள். அதனால்தான் எனக்கு இந்தப் பேச்சு மேலேயே வெறுப்பு.
*மீன் விற்கும் தாய், குளச்சல் பக்கம்*

அம்மா, உங்கள் கோபம் நியாயம். இந்த மாதக் கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

உலகக் கடல் மட்டம் 1901-லிருந்து 2018 வரை சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஏறக்குறைய ஒரு சாண். உயரும் வேகமும் கூடிக்கொண்டிருக்கிறது. இது அளந்த உண்மை. ஆனால் ஒரே ஆடியில் பத்து வீட்டு முற்றம் போவதற்கு அந்த ஒரு சாண் மட்டும் காரணமாக முடியாது. நம் கரையில் மணல் கரையோடு கரையாக நடந்து போகிறது. நடுவில் ஒரு அலைத்தடுப்புச் சுவரோ, கடலுக்குள் நீளும் கல்வரிசையான தூண்டில் வளைவோ போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். ஒரு ஊரைக் காப்பாற்றப் போட்ட கல் அடுத்த ஊரின் கரையைத் தின்னும். மணல் அள்ளினாலும் கரை பலவீனமாகும். இதெல்லாம் மனிதர் தீர்மானித்துச் செய்தவை. தீர்மானித்தவர்கள் பதில் சொல்ல வேண்டியவை.

அதனால் "பருவநிலை மாற்றம்" என்று ஒருவர் சொன்னால், அதில் எவ்வளவு கடல் உயர்ந்ததால், எவ்வளவு கல் போட்டதால், அளந்தீர்களா என்று கேளுங்கள். கல் போடுவதற்கு முன்னும் பின்னும் கரை எங்கே இருந்தது என்ற படத்தைக் கேளுங்கள். செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. கேட்டால் கிடைக்கும்.

ஒக்கிப் புயலையும் இப்படித்தான் பார்க்கிறேன். அரபிக்கடல் சூடாகி வருகிறது. அங்கே கடும் புயல்கள் கூடியிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அது விஞ்ஞானத்தின் பங்கு. ஆனால் 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பிள்ளைகள் ஆழ்கடலில் இருந்தபோது அவர்கள் காதுக்கு எச்சரிக்கை எட்ட வழியில்லாமல் இருந்ததே, அதைப் புவி வெப்பத்தின் கணக்கில் எழுதக் கூடாது. எழுத விட மாட்டேன்.

இன்னொன்று அம்மா. காற்றில்லாமல், மழையில்லாமல் திடீரென்று கரையேறும் கடலைக் கள்ளக்கடல் என்று நம் கரையோர மக்கள் சொல்லிவந்தார்கள். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் அனுப்பும் அலை அது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் அதே பெயரில் எச்சரிக்கை விடுகிறது. உங்கள் ஊர்ப் பேச்சுக்கு விஞ்ஞானத்தில் இடம் உண்டு. அதனால் கூட்டங்களில் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

அமெரிக்காவே நம்பாமல் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுகிறது. நம் நாடு மட்டும் ஏன் நிலக்கரியைக் குறைக்க வேண்டும்?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்*

நம்பாததால் வெளியேறினார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். 1997 ஜூலையில், பருவநிலை ஒப்பந்தத்துக்காகக் கூடிய கியோட்டோ மாநாட்டுக்கு முன்பே, அமெரிக்க செனட் 95-க்கு 0 என்று ஒரு தீர்மானம் போட்டது. இந்தியா, சீனா போன்ற நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத, அமெரிக்கப் பொருளாதாரத்துக்குக் கேடான ஒப்பந்தம் வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். விஞ்ஞானம் பொய் என்று அதில் இல்லை. செலவு பற்றிய பயம் அது.

சந்தேகத்தை வளர்த்தது தனி வேலையாக நடந்தது. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனங்களின் சங்கம் கூட்டிய ஒரு குழு 1998-இல் எழுதிய திட்டக் குறிப்பு வெளியே கசிந்தது. பருவநிலை அறிவியலில் நிச்சயமின்மை இருக்கிறது என்று சாதாரண மக்கள் எண்ணத் தொடங்கினால் அதுவே வெற்றி என்றது அந்தக் குறிப்பு. எக்ஸான் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970-களின் பிற்பகுதியிலிருந்து போட்டு வைத்த கணிப்புகளோ பெரும்பாலும் சரியாகவே அமைந்தன என்று 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு பேச்சு. இதைப் படித்த நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து 2020-இல் வெளியே, 2021-இல் உள்ளே, 2025-இல் மறுபடி வெளியேறும் உத்தரவு. மௌனா லோவாவின் கோடு இதற்கெல்லாம் நிற்கவில்லை.

நம் நாட்டைப் பற்றிக் கேட்டது முக்கியம். இந்தியர் ஒருவர் வெளியிடும் கரியமில வாயு உலக சராசரியில் பாதிகூட இல்லை. "முதலில் அதிகம் புகைத்தவர்கள் முதலில் குறைக்கட்டும், எங்களுக்குப் பணமும் நுட்பமும் தரட்டும்" என்று நாம் கேட்பதற்கு அடிப்படையே இந்த விஞ்ஞானம்தான். அதைப் பொய் என்றால் யாரும் நமக்கு எதுவும் தர வேண்டியதில்லை, ஒக்கி மாதிரி இன்னொன்று வந்தாலும். முப்பந்தல் காற்றாலைகளை பஸ்ஸில் கடக்கும்போது பாருங்கள் சார், குறைப்பதற்கான வேலையும் நம் ஊரிலேயே எப்போதோ தொடங்கிவிட்டது.

எனக்கும் மழை நோட்டு எழுத ஆசை. மழைமானி வாங்கக் காசு இல்லை. என்ன செய்யலாம்?
*ஒன்பதாம் வகுப்பு மாணவி, தோவாளை*

வாங்க வேண்டாம் மகளே. அடியும் வாயும் ஒரே அகலமாக, நேராக இருக்கும் ஒரு பாத்திரம் போதும். மரமோ வீடோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வை. ஆரல்வாய்மொழிக் காற்றில் கவிழாமல் சுற்றிலும் செங்கல் அடுக்கு. தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலை நேராக விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடு. மழை இல்லாத நாளுக்கு 0 போடு. பார்க்க மறந்த நாளுக்கு 0 போடக் கூடாது, "பார்க்கவில்லை" என்று எழுது. பாத்திரத்தை இடம் மாற்றினால் அந்தத் தேதியையும் எழுதி வை.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நோட்டை எனக்கு அனுப்பு. உங்கள் பக்கம் திருவட்டாற்றைவிட மழை குறைவு. எவ்வளவு குறைவு என்று உன் நோட்டையும் என் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.