ஸ்டைவசன்ட், டிஜே இடம் யாருக்கு? கேள்வி பதில்

ஸ்டைவசன்ட் போன்ற நியூயார்க் நகரின் தேர்வுப் பள்ளிகள் (தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகள்), வர்ஜீனியாவின் தாமஸ் ஜெபர்சன் (டிஜே) உயர்நிலைப் பள்ளி. இந்த இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். கல்லூரி அட்மிஷன் வேண்டாம். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

எடிசன்: நாங்க நியூஜெர்சி. பையன் ஸ்டைவசன்ட் தேர்வு எழுதலாமா?

முடியாது. நியூயார்க் நகரவாசியாக இருக்க வேண்டும்.

குயின்ஸ்: அண்ணா, பொண்ணு ஏழாவது. இனம் பார்ப்பாங்களா? கட்-ஆஃப் எவ்வளவு?

இனம், ஸ்கூல் மார்க், சிபாரிசுக் கடிதம் எதுவும் கிடையாது. எஸ்.எச்.எஸ்.ஏ.டி. என்ற ஒரே தேர்வு, எட்டு பள்ளிகளுக்கு. லகார்டியா கலைப் பள்ளி தனி, அது ஆடிஷன். தவறான விடைக்கு மைனஸ் இல்லை, எதையும் காலியாக விடக்கூடாது.

கட்-ஆஃபை முன்கூட்டி யாரும் வைப்பதில்லை. நம்மூர் பொறியியல் கலந்தாய்வை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, மேலிருந்து ஒவ்வொருவருக்கும் அவர் எழுதிய விருப்ப வரிசையில் இடம் மிச்சமுள்ள முதல் பள்ளியைக் கொடுப்பார்கள். கடைசி இடத்தை வாங்கிய பிள்ளையின் மதிப்பெண்தான் அந்த வருடக் கட்-ஆஃப்.

அதனால் விருப்ப வரிசையில் சூதாடாதீர்கள். ஸ்டைவசன்ட்டை முதலில் போட்டால், அந்த எட்டில் இன்னொன்றான பிராங்ஸ் சயின்ஸ் கைவிட்டுப் போகாது. எந்தப் பள்ளிக்கு உண்மையாகவே போக ஆசையோ அதே வரிசை.

ப்ரூக்ளின்: 2019-ல ஸ்டைவசன்ட் கொடுத்த 895 இடத்துல கறுப்பின மாணவர்களுக்கு 7. இதைப் போய் நியாயம்னு சொல்றீங்களா?

தேர்வு எல்லாருக்கும் ஒன்று. தேர்வு அறைக்கு வரும் வழி ஒன்றல்ல. ஆறாம் வகுப்பிலேயே கோச்சிங்கில் உட்காரும் பிள்ளையும், இப்படி ஒரு தேர்வு இருப்பதையே எட்டாவதில் தெரிந்துகொள்ளும் பிள்ளையும் ஒரே தாளை எழுதுகிறார்கள்.

மாற்றுவது லேசில்லை. 1971-இன் ஹெக்ட்-கலண்ட்ரா சட்டம் ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், ப்ரூக்ளின் டெக் மூன்றுக்கும் தேர்வு வழியே சேர்க்கை என்று மாநில அளவில் பூட்டிவிட்டது. 2018-இல் மேயர் டி பிளாசியோ, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதல் 7 சதவீதத்தினரை எடுக்கலாம் என்றார். ஆல்பனியில், அதாவது மாநிலச் சட்டமன்றத்தில், நிறைவேறவில்லை. அவர் கையில் இருந்தது டிஸ்கவரி திட்டம்: கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நின்ற ஏழை மாணவர்கள் கோடை வகுப்பை முடித்தால் இடம். அதை 20 சதவீத இடங்களுக்கு விரித்து, வறுமை அதிகமுள்ள பள்ளிகளில் படிப்பவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார். அந்த வரம்பால் பல ஏழைச் சீனக் குடும்பங்கள் வெளியே நின்றன. அதே வருடம் வழக்கு.

ஹெர்ண்டன்: கார்சன் மிடில் ஸ்கூல் ஏரியால வீடு பார்க்கிறோம். அங்கேருந்து டிஜே-க்கு நிறைய பேர் போறாங்களாமே?

போனார்கள். அது 2020-க்கு முந்தைய கணக்கு. அந்த வருடக் கடைசியில் விதியே மாறியது. நுழைவுத் தேர்வும் 100 டாலர் கட்டணமும் போயின. இடங்கள் 480-இலிருந்து 550 ஆயின. ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம். 400 பேர் படித்தால் 6 இடம். கார்சனில் அந்தப் பள்ளிப் பங்கு இடங்களுக்கு வரிசை நீளம். விண்ணப்பமே குறைவாக வரும் பள்ளியில் அதன் பங்குக்கு நெரிசல் இல்லை. பள்ளிக் கணக்கில் கிடைக்காதவர்கள் மீதமுள்ள பொது இடங்களுக்கு மோத வேண்டும். டிஜே-க்காக மட்டும் அந்த ஏரியாவுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

ஆஷ்பர்ன்: ஆசியர்கள் 73 சதவீதத்துலேருந்து 54-க்கு வந்தாச்சு. இது பச்சையா பாகுபாடு இல்லையா சார்?

எதோடு ஒப்பிடுவது என்பதுதான் மொத்த வழக்கும். 2022 பிப்ரவரியில் மாவட்ட நீதிபதி முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டார், 73, 54, புதிய விதி செல்லாது என்றார். 2023 மே மாதம் நான்காம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று அதைத் திருப்பியது. அவர்கள் விண்ணப்பித்தவர்களோடு ஒப்பிட்டார்கள்: விண்ணப்பத்தில் ஆசியர் சுமார் 48.6 சதவீதம், இடத்தில் 54.4. பங்கைவிட அதிகம்தானே என்றார்கள். அந்தத் தீர்ப்பில் நம்மவர்கள் தாண்டிப் போகும் எண் ஒன்று உண்டு. ஏழை ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகள் 2020-இல் உள்ளே போனது ஒருவர், 2021-இல் 51 பேர்.

ரெஸ்டன்: நடுவுல வர்றேன். ஜெயிக்கிற டீமுக்குன்னு ரூலை மாத்தி ஆளைக் குறைச்சுட்டு "இன்னும் நீங்கதானே அதிகம்"னு சொன்னா?

2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தபோது நீதிபதி அலிட்டோ எழுதிய எதிர்ப்பின் சாரம் இதுதான், தாமஸும் சேர்ந்துகொண்டார். வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் விதி நமக்கு எதிராகவே போடப்பட்டது என்று காட்ட, இடம் குறைந்ததை மட்டும் காட்டினால் போதாது, நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும். விண்ணப்பத்தை மதிப்பிடுபவருக்குப் பெயரோ இனமோ தெரியாது, எண் மட்டும்தான்.

ஆஷ்பர்ன்: பெயர் தெரியாட்டி என்ன, பள்ளி வாரியாப் பிரிச்சாலே யாருக்கு அடின்னு தெரியாதா?

தெரியும். விதியை மாற்றிய பள்ளி நிர்வாக போர்டுக்கும் தெரிந்திருக்கும். என் குறையும் அங்கேதான். தேர்வை எடுத்தது சரி, ஆனால் கார்சனில் பள்ளிப் பங்கு தீர்ந்ததும் அடுத்ததாக நிற்கும் பிள்ளைக்கு வழியை இன்னும் அகலமாக வைத்திருக்கலாம். வெளிப்படையாக இனம் பார்த்த காலமும் உண்டு: சான் பிரான்சிஸ்கோ லோவெல் பள்ளியில் சீன மாணவர்களுக்கு மட்டும் கட்-ஆஃப் மற்றவர்களைவிட உயரம். 1994-இல் வழக்கு, 1999-இல் சமரசம், அதோடு முடிந்தது. டிஜே அந்த ரகம் இல்லை.

சான்டில்லி: இது நம்ம ஊர் 69 சதவீதம் மாதிரிதானே?

இல்லை. இனத்துக்கு ஒதுக்கீடு இங்கே சட்டப்படி முடியாது. ஒப்பிட வேண்டுமென்றால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதத்தோடு ஒப்பிடுங்கள். அங்கேயும் பார்ப்பது எந்தப் பள்ளி என்பதைத்தான்.

பிராங்ஸ்: ஸ்டைவசன்ட்டை முதல்ல போட்டா மத்தது போயிடுமா?

குயின்ஸ் பதிலைப் படியுங்கள்.

ஃபேர்ஃபேக்ஸ்: கோச்சிங் எங்கே நல்லது?

டிஜே-க்குத் தேர்வே இல்லை என்று இப்போதுதான் சொன்னேன். 3.5 ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி), எட்டாவது முடிவதற்குள் ஆல்ஜீப்ரா 1, இரண்டு எழுத்துப் பகுதிகள். இதற்கு "கேரண்டி" கொடுப்பவரிடம் பணத்தைக் கட்டாதீர்கள்.

லௌடன்: மகள் பிரைவேட் ஸ்கூல். 1.5-ல வருவாளா?

வரமாட்டாள், அது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். பொது இடங்களில்தான் போட்டி. பள்ளி மாற்றுவதாக இருந்தால், எட்டாவது எங்கே படிக்கிறாளோ அந்தப் பள்ளியின் கணக்கில்தான் சேர்ப்பார்கள் என்பதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.