ஆவ்னிங்கும் காற்றும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மோட்டார்ஹோமின் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் ஆவ்னிங், அதாவது துணிப் பந்தலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். பெரும்பாலும் சுருள் ஆவ்னிங் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். வண்டிச் சுவரில் ஒரு நீளப் பெட்டி, அதற்குள் சுருண்ட துணி. கைப்பிடியைச் சுற்றினால், வண்டிச் சுவரோடு இணைக்கும் இரண்டு மடக்குக் கைகள் விரிந்து முன்சட்டம் வெளியே வரும், அதிலிருந்து இரண்டு கால்களை இறக்கித் தரையில் ஊன்றுவோம். வேறு வகையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

அண்ணா, எங்களுடையது புது வண்டி. எவ்வளவு காற்று வரை ஆவ்னிங்கை விரித்து வைக்கலாம்? கையேட்டில் "பலத்த காற்றில் பயன்படுத்தாதீர்கள்" என்று மட்டும் இருக்கிறது.

எல்லா ஆவ்னிங்குக்கும் பொருந்துகிற ஒரு எண் கிடையாது. நீளம், வெளியே இழுத்திருக்கும் தூரம், கட்டியிருக்கும் விதம் எல்லாமே கணக்கில் வரும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். உங்கள் துணி 4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் என்றால் பரப்பு 10 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதில் நேராக மோதினால் சுமார் 60 கிலோ விசை. 72 கிலோமீட்டர் என்றால் 250 கிலோ. துணி கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருப்பதால் முழு விசையும் எப்போதும் விழாது. ஆனால் முன்சட்டம் ஒரு சாண் எழும்பி, காற்று அடியில் புகுந்துவிட்டால் அது பாய்மரத்துப் பாய்தான்.

நான் மரத்தைப் பார்த்து முடிவெடுப்பேன். 1805-இல் பிரான்சிஸ் போஃபர்ட் வகுத்த காற்று அளவுகோல் இதற்கு இன்றைக்கும் உதவுகிறது. தூசியும் காகிதமும் கிளம்பி, சிறு கிளைகள் அசைந்தால் 4-ஆம் நிலை, மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். அப்போது எழுந்துபோய்க் கட்டுகளைச் சரிபார்ப்பேன். இலையுள்ள சிறு மரங்கள் முழுதாக ஆட ஆரம்பித்தால் 5-ஆம் நிலை, 29 முதல் 38. அப்போது சுருட்டிவிடுவேன். குடை பிடிக்கச் சிரமமாகிற 6-ஆம் நிலை வரும்போது ஆவ்னிங் பெட்டிக்குள் இருக்க வேண்டும். வானிலை முன்னறிவிப்பில் சராசரி வேகத்தோடு வீச்சு வேகம் என்று தனியாகப் போட்டிருந்தால் அந்த இரண்டாவது எண்ணைத்தான் பாருங்கள். ஆவ்னிங்கை உடைப்பது சராசரிக் காற்று அல்ல, திடீரென்று அடிக்கிற ஒரு வீச்சு.

ஆவ்னிங்குக்கு மேலே போட்டுக் கட்டும் பட்டை வாங்கினேன். இரு முனையிலும் ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்பிரிங் இல்லாமல் ராட்செட்டால் (பல்சக்கர இறுக்கி) இறுக்கினால் இன்னும் பலமாக இருக்காதா?

இருக்காது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலர் தவறுவது இங்கேதான்.

ஆவ்னிங்கின் ஒரு பக்கம் வண்டிச் சுவரில் திருகப்பட்டிருக்கிறது, மறுபக்கம் தரையில். தரை அசையாது. வண்டி அசையும்: யாராவது உள்ளே நடந்தால் அசையும், காற்று அடித்தால் சஸ்பென்ஷனில் ஆடும். நடுவில் இளகிக்கொடுக்க ஒன்றுமே இல்லையென்றால் ஒவ்வொரு ஆட்டமும் கைகளின் மூட்டிலும் சுவர்த் திருகுகளிலும் போய் முட்டும். ஸ்பிரிங் அந்த முட்டலை வாங்கிக்கொள்கிறது. வண்டிக்கு நிலைப்படுத்தும் கால்கள் இருந்தால் அவற்றையும் இறக்கிவிடுங்கள், ஆட்டம் பாதி குறையும்.

எவ்வளவு இறுக்குவது? ஸ்பிரிங்கின் வளையங்களுக்கு நடுவே லேசாக இடைவெளி தெரிகிற அளவு போதும். முழுதாக விரிந்து நிற்கும்வரை இறுக்கினால் அது வெறும் கம்பி, ஸ்பிரிங் இருந்தும் பயனில்லை.

அப்புறம், முளை. பட்டை முன்சட்டத்திலிருந்து செங்குத்தாகத் தரைக்கு இறங்கினால் காற்று தூக்கும்போது முளையை நேர் மேலே உருவுகிறது. மண்ணிலிருந்து ஒரு முளையை எடுக்க நாமும் அப்படித்தானே இழுப்போம்? அதனால் முன்சட்டத்துக்கு வெளியே ஒரு மீட்டராவது தள்ளி முளை அடியுங்கள். முளையின் தலை ஆவ்னிங்குக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க வேண்டும், பட்டையும் முளையும் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். தள்ளி அடிக்க இடமில்லையென்றால் திருகி இறக்கும் முளை வாங்குங்கள். நேராக மேலே இழுத்தாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கடற்கரை மணலில் எந்த முளையும் நிற்கவில்லை. கான்கிரீட் தளத்தில் அடிக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

மணலில் முளையை அடிக்காதீர்கள், புதையுங்கள். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒரு பலகைத் துண்டையோ மணல் நிரப்பிய பையையோ பட்டையின் நடுவில் கட்டி, இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் படுக்கவைத்து மூடி மிதித்துவிடுங்கள். மேலே உள்ள மணல் முழுவதையும் தூக்கினால்தான் அது வெளியே வரும்.

கான்கிரீட்டில் எடைதான் வழி. 20 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பினால் 20 கிலோ. அதே கேனில் மணல் என்றால் 30 கிலோ தாண்டும். காலுக்கு ஒரு கேன் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கிறேன். மேலே சொன்ன 60 கிலோ கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடையை மட்டும் நம்பி நிற்கும் இடத்தில் மற்ற இடத்தைவிட ஒரு படி முன்னதாகவே சுருட்டிவிடுங்கள்.

துணி இரவெல்லாம் படபடவென்று அடிக்கிறது. தூக்கமே வரவில்லை.

நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் மாட்டுங்கள், துணி தொய்யாமல் நிற்கும். ஓரங்களில் துணியையும் கையையும் சேர்த்துப் பிடிக்கும் கவ்விகளும் கிடைக்கின்றன. படபடப்பு காதுக்கு மட்டும் தொல்லை இல்லை. துணி ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தையல் கொஞ்சம் பிரிகிறது.

ஆனால் உங்களுக்கு என் உண்மையான பதில் வேறு. தூங்கப் போகும்போது ஆவ்னிங் ஏன் விரிந்திருக்கிறது? சில வருடங்களுக்கு முன்பு, இலைகூட அசையாத ஒரு மாலையில் நானும் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். நடு இரவில் பட்டை ரீங்காரமிடும் சத்தம் கேட்டு விழித்தேன். மீட்டிய கம்பி போல ஒரே சுருதியில் ஒலித்தது. கதவைத் திறப்பதற்குள் ஒரு முளை தெறித்துவிட்டது. முன்சட்டம் அப்படியே எழும்பி, வண்டிக்கு மேலே மடங்கி, கூரையில் இருந்த சூரியத் தகட்டின் மேல் விழுந்தது. இடது கையின் பிடிமானம் நான்கு திருகுகளோடு சுவரிலிருந்து பிய்ந்து வந்திருந்தது. அந்த நான்கு ஓட்டைகள் வழியாக விடியும்வரை மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்கியது. துணியை மாற்றிவிடலாம், ஊறிய சுவரைச் சரிசெய்வதுதான் பெரிய வேலை. அன்றிலிருந்து விளக்கை அணைப்பதற்கு முன் ஆவ்னிங் உள்ளே போய்விடும், வானம் எப்படி இருந்தாலும் சரி.

எங்களுடையது மின்சார ஆவ்னிங். காற்று அடித்தால் தானே சுருண்டுவிடும் உணரி இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டு வெளியே போகலாமா?

வேண்டாம். பெரும்பாலான உணரிகள் முன்சட்டத்தின் குலுக்கலை வைத்துத்தான் காற்றை அறிகின்றன. குலுங்கிய பிறகு சுருள ஆரம்பிக்கும், அதற்குள் ஒரு வீச்சு வந்து போயிருக்கும். இன்னொன்று முக்கியம்: தரையோடு பட்டை கட்டியிருக்கும்போது உணரி இயங்கினால் மோட்டார் பட்டையை எதிர்த்து இழுக்கும். மோட்டாரோ கையோ ஏதாவது ஒன்று போகும். பட்டை கட்டுகிறீர்களா, உணரியை அணைத்துவிடுங்கள். உணரியை நம்புகிறீர்களா, பட்டை கட்டாதீர்கள். இரண்டு நிலையிலும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காற்றைத் தடுக்கப் பக்கத்திரை மாட்டினால்?

சாரலுக்கும் வெயிலுக்கும் நல்லது. காற்றுக்கு இன்னும் ஒரு பாய் விரித்துக் கொடுக்கிறீர்கள், அந்த விசையும் அதே இரண்டு கால்களுக்குத்தான் போகும். காற்று ஏறினால் முதலில் கழற்ற வேண்டியது பக்கத்திரை. அதைவிட, வண்டியை நிறுத்தும்போதே யோசியுங்கள். காற்று வரும் பக்கத்துக்கு வண்டியின் மறுபக்கத்தைக் காட்டி நிறுத்தினால் வண்டியே சுவராக நிற்கும். கடலோரத்தில் பகலில் கடல் பக்கமிருந்து காற்று வரும். மலைச்சரிவில் பகலில் மேல்நோக்கியும் பொழுது சாய்ந்த பிறகு கீழ்நோக்கியும் திரும்பும். மதியம் சரியாக இருந்த திசை இரவில் சரியாக இருக்காது.

மழையும் சேர்ந்து வந்தால்?

ஒரு காலை ஒரு சாண் இறக்கி, தண்ணீர் ஒரு மூலைக்கு ஓட வழி செய்யுங்கள். 10 சதுர மீட்டர் துணியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. அது நடுவில் தேங்கிக் குளம் கட்டினால் கைகள் வளைந்துவிடும். ஈரத்தோடு சுருட்ட வேண்டி வந்தால் தயங்காமல் சுருட்டுங்கள், மறுநாளோ அதற்கடுத்த நாளோ விரித்துக் காயவையுங்கள். இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

திடீரென்று காற்று பிடித்துக்கொண்டால் எந்த வரிசையில் சுருட்டுவது? போன முறை என் மனைவி சட்டத்தில் தொங்கியேவிட்டார்.

முதலில் அதை நிறுத்துங்கள். எழும்புகிற சட்டத்தைத் தன் எடையால் அடக்கப் பார்ப்பது ஆபத்து. பட்டையை உள்ளங்கையில் சுற்றிப் பிடிப்பதும் கூடாது, இழுத்தால் விரல் போய்விடும்.

பக்கத்திரை, விளக்குச் சரம், குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு கால்களையும் முடிந்த அளவு தாழ்த்துங்கள், அடியில் புகும் காற்று குறையும். ஒருவர் முன்சட்டத்தின் நடுவில் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் காற்று வராத பக்கத்துக் கட்டை முதலில் அவிழ்த்து, காற்று வரும் பக்கத்தைக் கடைசியாக விட வேண்டும், தூக்கல் அங்கேதான் தொடங்கும். வீச்சுகளுக்கு நடுவில் சில நொடி ஓய்வு வரும். அதற்குக் காத்திருந்து, சட்டத்தைப் பிடித்தவர் கூடவே நடந்துவர, மற்றவர் கைப்பிடியைச் சுற்றட்டும். ஒரு மீட்டர் மீதி இருக்கும்போது நிறுத்தி, கால்களை மடக்கிவிட்டு முழுதாகச் சுருட்டுங்கள். அமைதியான ஒரு நாளில் இரண்டு பேரும் நேரம் பார்த்து ஒத்திகை செய்யுங்கள். எங்கள் வீட்டில் இப்போது நான்கு நிமிடம் ஆகிறது. நான் பட்டை கட்டுவதே அந்த நான்கு நிமிடத்துக்காகத்தான்.

கை மீறிப் போய்விட்டது, பிடிக்கவே முடியவில்லை என்றால் விலகி நில்லுங்கள். அடியில் யாரும் இருக்கக் கூடாது.

காற்று ஊதி நிறுத்தும் கூடார ஆவ்னிங்குக்கும் இதேதானா?

அடிப்படை ஒன்றுதான். ஊதிய குழாய் வளைந்துவிட்டுத் திரும்ப நிமிரும், உலோகக் கம்பி வளைந்தால் வளைந்ததுதான். அந்த வகையில் அது மேல். எல்லா ஜிப்பையும் மூடுங்கள், கயிறுகளைத் தையல் கோட்டின் திசையிலேயே இழுத்துக் கட்டுங்கள். குளிரில் அழுத்தம் இறங்கும், இருட்டிய பிறகு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள், இரவில் தடுக்கி விழாமல் இருக்க.

ஓடும்போது ஆவ்னிங் தானாகத் திறந்துகொள்ளுமா?

திறந்துகொள்ளும். ஓட்டத்தில் மேலே படும் காற்று நிறுத்தியிருக்கும்போது படுவதைவிடப் பல மடங்கு. புறப்படும் முன் முன்சட்டம் பெட்டியோடு இடைவெளியில்லாமல் பொருந்தியிருக்கிறதா என்று இரு முனையையும் விரலால் தடவிப் பாருங்கள். பயணப் பூட்டு இருந்தால் போடுங்கள். கைகள் வெளியே தெரியும் வகை என்றால் இரண்டு கைகளையும் சுற்றி கைக்கு ஒரு பட்டை கட்டுங்கள். முதல் நிறுத்தத்தில் இறங்கி இன்னொரு முறை பாருங்கள். ஒரு முனை ஒரு விரல்கடை விலகியிருந்தாலும் மேலே ஓட்டாதீர்கள், அங்கேயே திறந்து மறுபடி சுருட்டுங்கள்.