பன்னிரண்டு காலங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், நான்கு வடிவங்கள் போதும்

"வாக் மாதிரி ஒரு சாதாரண ஆங்கில வினைச்சொல்லை எல்லா டென்ஸிலும் எப்படி மாற்றுவது, பன்னிரண்டு வரி அட்டவணையை மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆங்கிலம் படிக்க வருபவர்களை முதலிலேயே மிரட்டுவது அந்த அட்டவணைதான், அதைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு ரெகுலர் வெர்புக்கு, அதாவது ஈடி சேர்த்தாலே இறந்தகாலம் ஆகிவிடும் வினைச்சொல்லுக்கு, மொத்தமே நான்கு வடிவங்கள்தான்: வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங். தமிழில் இறந்தகாலம் மட்டும் எடுத்தாலே நடந்தேன், நடந்தாய், நடந்தான், நடந்தாள், நடந்தது, நடந்தார்கள் என்று ஆளுக்கு ஒரு விகுதி போடுகிறோம், ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே வாக்ட். யார் நடந்தார்கள் என்பதை ஐ, யூ, ஹீ, ஷீ சொல்லிவிடும், வினைச்சொல் அதைப் பற்றிக் கவலைப்படாது. ஒரே விதிவிலக்கு நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமை: ஹீ, ஷீ, இட் வந்தால் எஸ் சேர்த்து வாக்ஸ். தமிழின் இவ்வளவு விகுதிகளையும் யோசிக்காமலே சரியாகப் போடுகிற உங்களுக்கு இந்த ஒரு எஸ் பெரிய விஷயமே இல்லை.

அப்படியென்றால் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? மூன்று காலம், ஒவ்வொன்றிலும் சிம்பிள் (ஐ வாக்), கன்டினியூயஸ் (ஐ ஆம் வாக்கிங்), பெர்ஃபெக்ட் (ஐ ஹேவ் வாக்ட்), பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ் (ஐ ஹேவ் பீன் வாக்கிங்) என்று நான்கு வகை, அவ்வளவுதான். இதில் வாக் என்ற சொல் தானாகவே காலம் காட்டுவது சிம்பிள் பிரசென்டிலும் சிம்பிள் பாஸ்டிலும் மட்டும். மற்ற பத்திலும் காலத்தைச் சுமப்பது பக்கத்தில் நிற்கும் துணை வினைகள்: பீ, ஹேவ், வில். இவை ஒவ்வொன்றும் தனக்கு அடுத்து வரும் சொல் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. வில்லுக்குப் பின் மாறாத மூல வடிவம், ஹேவுக்குப் பின் ஈடி வடிவம், பீ குடும்பத்துக்குப் பின் (ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன் எல்லாம் இதில் அடக்கம்) ஐஎன்ஜி வடிவம். செயப்பாட்டு வினையில் பீக்குப் பின்னும் ஈடி வரும், ஆனால் அது வேறு பாடம், இப்போது அதை விட்டுவிடுங்கள்.

இனி எவ்வளவு நீளமான வடிவத்தையும் நீங்களே கட்டலாம். ஷீ வில் ஹேவ் பீன் வாக்கிங் என்பதை எடுங்கள். வில் வந்ததால் அடுத்தது மூல வடிவமான ஹேவ், ஹேஸ் இல்லை. ஹேவ் வந்ததால் பீயின் பார்ட்டிசிபிளான, அதாவது ஈடி வடிவத்தின் இடத்தில் வரும், பீன், பீன் வந்ததால் வாக்கிங். ஒவ்வொரு சொல்லும் அடுத்ததைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறது. கவனியுங்கள், ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுவது சங்கிலியின் முதல் சொல் மட்டும்தான்: ஐ ஆம் வாக்கிங், தே வேர் வாக்கிங், ஷீ ஹேஸ் வாக்ட், ஷீ ஹேட் வாக்ட். முதல் சொல் வில்லாக இருந்தால் ஆளுக்கேற்ற மாற்றம்கூடக் கிடையாது.

கேள்வியும் மறுப்பும் இதே கணக்குதான், ஆனால் அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். சிம்பிள் பிரசென்டிலும் சிம்பிள் பாஸ்டிலும் துணை வினை இல்லாததால் டூ என்ற சொல்லை வரவழைக்கிறார்கள், வந்ததும் அது எஸ்ஸையும் ஈடியையும் தன்மேல் எடுத்துக்கொள்கிறது. ஹீ வாக்ஸ், ஆனால் ஹீ டஸ் நாட் வாக். யூ வாக்ட், ஆனால் டிட் யூ வாக். டிட் யூ வாக்ட் என்று சொன்னால் ஒரே இறந்தகாலத்தை இரண்டு தடவை சொன்னதாகிவிடும்.

வடிவம் கைக்கு வந்த பிறகும் எதை எங்கே போடுவது என்ற சிக்கல் இருக்கும், அது பெரும்பாலும் தமிழிலிருந்து வருவது. நாம் நடக்கிறேன் என்பதை தினசரிப் பழக்கத்துக்கும் சொல்வோம், இந்த நிமிடம் நடப்பதற்கும் சொல்வோம். ஆங்கிலத்தில் பழக்கம் என்றால் ஐ வாக் எவ்ரி டே, இப்போது நடந்துகொண்டிருந்தால் ஐ ஆம் வாக்கிங். அப்புறம், போன வருடம் அங்கே வேலை பார்த்திருக்கிறேன் என்பது தமிழில் இயல்பு, அதை அப்படியே ஐ ஹேவ் வொர்க்ட் தேர் லாஸ்ட் இயர் என்று மாற்றினால் தவறு. எப்போது என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் ஐ வொர்க்ட் தேர் லாஸ்ட் இயர்தான், நேரம் சொல்லாவிட்டால் ஹேவ் வரலாம்.

உச்சரிப்பைப் பற்றி யாரும் அதிகம் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஈடிக்கு மூன்று ஒலிகள் உண்டு. வாக், ஹெல்ப், வாஷ் போலக் குரல் அதிராமல் முடியும் சொற்களில் அது பாட்டு என்பதில் வரும் ட் ஒலி. கால், ப்ளே, ஓபன் போலக் குரல் அதிர முடிபவற்றில் வண்டு என்பதில் வரும் மென்மையான ட் ஒலி. வான்ட், நீட் போல ஏற்கெனவே இந்த இரண்டில் ஒன்றில் முடிகிற சொற்களுக்கு மட்டும்தான் கூடுதலாக ஓர் அசை, வான்டிட், நீடிட் என்று. வாக்கெட், ஆஸ்க்கெட் என்று எல்லாவற்றுக்கும் அந்த அசையைச் சேர்த்துப் பேசுவதை மாற்றிக்கொண்டாலே உங்கள் பேச்சு கேட்பவருக்குச் சட்டென்று தெளிவாகும்.

எழுத்துக்கூட்டல் சுருக்கமாக: லைக் போல ஈயில் முடிந்தால் டி மட்டும் சேர்த்தால் போதும். ட்ரையில் ஒய் மாறி ஐஈடி ஆகும், ப்ளேயில் ஒய்க்கு முன் உயிரெழுத்து இருப்பதால் மாறாது. ஸ்டாப்பில் பி இரட்டிக்கும், விசிட்டில் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் டி இரட்டிக்காது. டிராவல் என்ற சொல்லின் கடைசி எல் எழுத்தை பிரிட்டிஷ்காரர்கள் இரட்டிக்கிறார்கள், அமெரிக்கர்கள் இல்லை. இரண்டும் சரி.

பழகிப் பார்க்க ஆஸ்க் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, ஷீயை வைத்து ஷீ ஆஸ்க்ஸிலிருந்து தொடங்கி ஒவ்வொரு துணை வினையாகச் சேர்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள், ஒவ்வொன்றையும் உடனே கேள்வியாக்குங்கள். அது தடையில்லாமல் வந்த பிறகு கோ, ஈட், ரைட் போன்ற இர்ரெகுலர் சொற்களுக்குப் போகலாம். அங்கே புதிதாகக் கற்க வேண்டியது ஈடிக்குப் பதிலாக வரும் இரண்டு வடிவங்கள் மட்டுமே, சங்கிலி இதேதான்.