ஒருங்கிணைந்த பாடம்: கேட்டவர்களுக்குப் பதில்

நான் படித்தது இயற்பியல். பதினைந்து ஆண்டுகளாக உயர்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஒரே பாடமாகச் சேர்த்து நடத்தி வருகிறேன். இப்படிப் பல பாடங்களைச் சேர்த்து நடத்துவது பற்றி ஆசிரியர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

கேள்வி: நான் வேதியியல் படித்தவள் சார். மரபியலையும் நடத்தச் சொல்கிறார்கள். மாணவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டால்?

பதில்: ஆசிரியர்கள் பலரும் முதலில் சொல்வது இந்தப் பயத்தைத்தான். பாடத்தைப் படித்துவிடலாம். பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்பது தெரியாததுதான் சிக்கல். பொருள் நகர்ந்தால் அந்தத் திசையில் விசை இருந்தே தீரும் என்று அவர்கள் நினைப்பது எனக்கு அத்துப்படி. ஆனால் மரத்தின் எடை மண்ணிலிருந்து வருகிறது என்று நம்புவார்கள் என்பது தெரியாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் நீரும்தான் பெரும்பகுதி என்று நடத்தி முடித்தேன். விடைத்தாளில் மறுபடியும் மண். அப்புறம் உயிரியல் ஆசிரியையின் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. எந்தப் பயிற்சி முகாமும் அந்த அளவு கைகொடுத்ததில்லை.

கேள்வி: நான் கணக்கு ஆசிரியர். 'தண்ணீர்' என்று தலைப்பு வைத்தார்கள். என் பங்கு பட்டை வரைபடம் போடுவது மட்டும். இதுவா ஒருங்கிணைப்பு?

பதில்: இல்லை, ஒட்டுவேலை. உங்கள் கோபம் நியாயம். ஒரு பாடத்தை எடுத்துவிட்டாலும் கேள்விக்கு விடை வந்துவிடுகிறதா? அப்படியானால் அந்தப் பாடம் அங்கே தேவையில்லை. ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் மீன்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். நீரின் அடர்த்தி ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் உச்சத்தில் இருக்கிறது. அதனால் அந்த நீர் அடியில் தங்குகிறது. பனிக்கட்டி மிதப்பதற்கு நீர் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பு காரணம், அது வேதியியல். அந்தக் குளிரில் மீனுக்கு எவ்வளவு ஆக்சிஜன் போதும் என்பது உயிரியல். எதையும் விட முடியாது. கணக்குக்கு இதில் பெரிய வேலை இல்லை என்றால் வலிந்து நுழைக்க வேண்டாம்.

கேள்வி: பின்லாந்தில் பாடங்களையே எடுத்துவிட்டார்களாமே?

பதில்: இல்லை. 2016-இல் நடைமுறைக்கு வந்த கலைத்திட்டத்திலும் பாடங்கள் அப்படியே இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறையாவது பல பாடங்கள் சேர்ந்த கற்றல் அலகு வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

கேள்வி: மூத்த ஆசிரியர்கள் முரண்டு பிடிக்கிறார்களே?

பதில்: சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள். 'நான் வரலாற்று ஆசிரியர்' என்று முப்பது ஆண்டு சொல்லி வந்தவரிடம் அதை விடச் சொல்கிறோம். ஆசிரியரின் அடையாளம் பாடத்தோடு பின்னிக் கிடப்பதைச் சமூகவியலாளர் பாசில் பெர்ன்ஸ்டைன் 1971-லேயே எழுதிவிட்டார். கால அட்டவணையில் சேர்ந்து திட்டமிட வாரம் ஒரு பீரியட் கொடுத்துப் பாருங்கள், பாதி முரண்டு போய்விடும்.

கேள்வி: தேர்வு?

பதில்: அதுதான் தலைவலி. ஒரு பள்ளியில் ஆண்டு முழுவதும் சேர்த்து நடத்தினோம். வினாத்தாள் பாடத்துக்கு ஒன்றாக அ, ஆ, இ என்று மூன்று பகுதியாக வந்தது. மறு ஆண்டு முதல் நாளே பிள்ளைகள் மூன்று நோட்டு வாங்கி வந்துவிட்டார்கள்.